ஆதார விலை இருக்கிறது, தராசு எங்கே? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் குறுவை நெல்லை அரசு கொள்முதல் செய்வதைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி அளவுக்குத்தான் எழுதினேன். விலையை அறிவித்தால் மட்டும் போதாது, அந்த விலைக்கு யாராவது தராசைத் தூக்கிக்கொண்டு களத்துமேட்டுக்கு வரவும் வேண்டும் என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் இந்த மாதப் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: ஐயா, சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் பதினோரு நாள் காத்துக்கிடந்து, மழைக்குப் பயந்து வியாபாரிக்குக் குவிண்டால் 1,900 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். ஆதார விலைக்குக் குறைத்து வாங்குவது குற்றமில்லையா?
– ஒரத்தநாடு வாசகர்

பதில்: குற்றமில்லை. படிக்க எரிச்சலாக இருக்கும், ஆனால் நிலைமை அதுதான். நெல்லுக்கான குறைந்தபட்ச ஆதார விலை எந்தச் சட்டத்திலும் இல்லை. டெல்லியில் 1965-லிருந்து வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் (தொடங்கியபோது வேறு பெயர்) என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது பரிந்துரைக்கும், மத்திய அமைச்சரவை ஒப்புக்கொள்ளும், அறிவிப்பு வரும். சந்தையில் விலை விழுந்தால் இந்த விலைக்கு நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று அரசு கொடுக்கும் வாக்கு அது, அவ்வளவுதான். வியாபாரியை அது எந்த வகையிலும் கட்டாது. கரும்பு மட்டும் வேறு கதை. 1966-ஆம் வருடத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஆலைகள் மத்திய அரசு சொன்ன விலைக்குக் கீழே தர முடியாது, 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி. (அந்த வட்டியைக் கையில் வாங்கிய கரும்பு விவசாயி யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. இருந்தால் எழுதுங்கள், படத்தோடு போடுகிறேன்.)

உங்கள் 2,545-ல் 2,389 ரூபாய் மத்திய அரசு 2025-26 பருவத்தில் 'ஏ' கிரேடு நெல்லுக்குச் சொன்ன விலை, மீதி 156 மாநில அரசின் ஊக்கத்தொகை. பொது ரகத்துக்கு 2,369-ம் 131-ம் சேர்ந்து 2,500.

இதில் வியாபாரியைத் திட்டிவிட்டுப் போய்விடலாம், எனக்கும் ஆசைதான். ஆனால் பதினோரு நாள் ஏன் ஆனது என்று பாருங்கள். அரிவாளால் அறுத்துக் கட்டுக் கட்டிக் களத்தில் அடித்த காலத்தில் நெல் போகிற போக்கில் கொஞ்சம் காய்ந்துவிடும், ஆள் கிடைப்பதைப் பொறுத்து ஊரின் அறுவடையும் மாதக் கணக்கில் பரவும். இப்போது மெஷின் இறங்கினால் ஊர் முழுக்க ஒரே வாரத்தில் முடிந்து, பச்சை நெல் டிராக்டர் டிராக்டராக ஒரே நிலையத்தின் வாசலில் வந்து கொட்டுகிறது. அங்கே சாக்கு வர வேண்டும், எடை போட்ட மூட்டையை லாரி வந்து ஏற்றிப் போனால்தான் அடுத்த மூட்டைக்கு இடம். கிடங்கு நிறைந்தால் லாரி நிற்கும், லாரி நின்றால் தராசு நிற்கும். அப்புறம் ஈரப்பதம். வரம்பு 17 சதவீதம், குறுவை அறுவடை விழுவதோ ஐப்பசி மழையில். 2022 அக்டோபரில் 19 வரைக்கும், 2023 பிப்ரவரியில் 20 வரைக்கும் தளர்த்தினார்கள்தான். ஆனால் மாநில அரசு கடிதம் எழுதி, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப்போய், ஆணை வந்து சேரும்வரை நெல் முளைக்காமல் காத்திருக்காது. 2025 அக்டோபரில் படுதாவுக்கு அடியிலேயே குவியல்கள் முளைவிட்டதை டெல்டாவில் எல்லோரும் பார்த்தோம்.

வியாபாரி ஈரமாகவே வாங்குகிறார், அன்றைக்கே பணம் தருகிறார், சாக்கும் லாரியும் அவருடையது. அதற்குக் கூலியாகக் குவிண்டாலுக்கு 645 ரூபாயைப் பிடித்துக்கொள்கிறார். ஏக்கருக்கு 24 குவிண்டால் என்று வைத்தால் 15,480 ரூபாய், உழவும் நடவும் கிட்டத்தட்ட அதில் அடங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். மூட்டைக்கு இவ்வளவு என்று கைமாறும் பணம். எந்த ஊர், யார் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கணக்கு மட்டும் போடுவோம். பலரும் சொல்வது மூட்டைக்கு 40 ரூபாய். அரசு மூட்டை 40 கிலோ, அப்படியானால் குவிண்டாலுக்கு 100 ரூபாய். மாநில அரசு தரும் 156 ரூபாய் ஊக்கத்தொகையில் 100 ரூபாய் நிலையத்து வாசலைத் தாண்டுவதற்குள் இறங்கிவிடுகிறது. ஊக்கத்தொகையைக் கூட்டச் சொல்லி மறியல் செய்கிற சங்கங்கள் இந்தக் கணக்கை ஒரு பேனரில் எழுதிக் கட்டலாம்.

கேள்வி: கோயில் நிலத்தில் மூன்று மா குத்தகைக்குச் சாகுபடி செய்கிறேன். சிட்டா, அடங்கல் எதுவும் என் பெயரில் இல்லை. நிலையத்தில் பதிவு செய்ய முடியவில்லை. எனக்கு ஆதார விலையே கிடையாதா அண்ணா?
– மன்னார்குடி பக்கத்து வாசகி

பதில்: மூன்று மா என்றால் ஒரு ஏக்கர் என்று மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் உண்டு அம்மா, காகிதம்தான் குறுக்கே நிற்கிறது. குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்வதற்கென்றே தமிழ்நாட்டில் 1969-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. அதில் பதிவானவர்களுக்குப் பிரச்சினை குறைவு. ஆனால் டெல்டாவில் நிறையக் குத்தகை வாய்ப்பேச்சில் நடக்கிறது, அப்பா செய்தார், மகன் செய்கிறார், ரசீது இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். நடைமுறையில் செய்யக்கூடியது, நடவு முடிந்த கையோடு விஏஓவிடம் போய் இந்தப் போகத்துச் சாகுபடியை உங்கள் பெயரில் அடங்கலில் ஏற்றச் சொல்வது. அறுவடை சமயத்தில் போனால் அவரைச் சுற்றி நாற்பது பேர் நிற்பார்கள், உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? உங்கள் நெல் நிலையத்துக்குப் போகாமல் இல்லை. வியாபாரி உங்களிடம் வாங்குகிற நெல்லில் ஒரு பங்கு வேறு யாருடைய சிட்டாவிலோ ஏறி அதே தராசுக்குத்தான் போய்ச் சேருகிறது. நெல்லுக்குக் கிடைக்கிற ஆதார விலை அதை விளைவித்தவருக்குக் கிடைக்கவில்லை. இதைத் தடுக்கத்தான் ஆன்லைன் பதிவு, விரல் ரேகை எல்லாம் கொண்டுவந்தார்கள். வியாபாரிக்கு அதைச் சமாளிக்க ஒரு வாரம் ஆனது, உங்களுக்குத்தான் இன்னும் முடியவில்லை.

கேள்வி: மக்காச்சோளத்துக்கு ஆதார விலை உண்டு என்று பேப்பரில் போடுகிறார்கள். அதை எங்கே போய் வாங்குவது?
– பெரம்பலூர் வாசகர்

பதில்: உண்டு, 2025-26-க்கு 2,400 ரூபாய். வாங்கத்தான் ஆள் இல்லை. மொத்தம் 22 விளைபொருளுக்கு அறிவிக்கிறார்கள். பெரிய அளவில் அரசு உண்மையாகவே வாங்குவது நெல்லும் கோதுமையும்தான். பருத்திக்கு விலை விழுந்தால் இந்தியப் பருத்திக் கழகம் இறங்கும், பயறுக்கும் கொப்பரைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வழியாக நாஃபெட் (தேசிய வேளாண் கூட்டுறவு விற்பனை இணையம்) கொஞ்சம் வாங்கும். உங்கள் சோளத்தின் விலையை முடிவு செய்வது டெல்லி இல்லை, நாமக்கல் கோழித் தீவன ஆலைகள். நெல்லுக்கு ரேஷன் கடை என்று ஒரு நிரந்தர வாடிக்கை இருப்பதால் அரசு வாங்குகிறது, சோளத்தை வாங்கி அரசு என்ன செய்யும்? கேள்வி நியாயமோ இல்லையோ, பதில் இதுதான்.

கேள்வி: செலவைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துவிட்டோம் என்கிறது மத்திய அரசு. கொடுக்கவே இல்லை என்கிறார்கள் விவசாய சங்கத்தினர். யார் சொல்வது பொய்?
– புதுக்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: இரண்டு பேரும் சொல்வது உண்மை சார், 'செலவு' என்ற சொல்லுக்குத்தான் ஆளுக்கொரு பொருள். விதை, உரம், கூலி, டீசல் என்று கையை விட்டுப் போகிற காசுக்கு ஏ2 என்று பெயர். வீட்டு ஆட்கள் வயலில் இறங்கி வேலை செய்ததற்கு ஒரு கூலி போட்டுச் சேர்த்தால் ஏ2 பிளஸ் எஃப்எல். சொந்த நிலத்துக்கு வாடகை, போட்ட முதலுக்கு வட்டி எல்லாம் சேர்த்தால் சி2. 2024-25-ல் நெல்லுக்கு இரண்டாவது கணக்கின்படி குவிண்டாலுக்கு 1,533 ரூபாய் செலவு, அதன் ஒன்றரை மடங்குதான் அந்த வருடத்து ஆதார விலையான 2,300. சி2 கணக்கின்படி செலவு 2,008, ஒன்றரை மடங்கு 3,012. சண்டை அந்த 712 ரூபாய்க்கு. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004-லிருந்து 2006 வரை இருந்த தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் என்றது. எந்தச் செலவு என்பதை ஆளுக்கு ஆள் தங்களுக்குத் தோதாக எடுத்துக்கொண்டார்கள்.

குத்தகைதாரர் நிலத்துக்காகத் தரும் வாரம் (குத்தகைப் பங்கு) ஏ2 கணக்கிலேயே வந்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு, அது சரியும்கூட. ஆனால் அது நாடு முழுவதற்குமான சராசரியில் கரைந்துபோகும். பஞ்சாப் செலவும் மகாராஷ்டிரச் செலவும் ஒரே அண்டாவில் கொதித்து வருகிற எண் அது, மன்னார்குடி வாசகியின் வாரம் அதில் எங்கே தெரியப் போகிறது.

என் கட்சி என்ன என்று கேட்பீர்கள். நான் சி2 பக்கம். ஆனால் நாளைக்கே 3,012 என்று அறிவித்தாலும் நிலையத்துக்குள் நெல்லைக் கொண்டுபோக முடியாதவருக்கு அதில் கொஞ்சம்தான் ஒட்டும். 2015-ல் சாந்தகுமார் குழு கொடுத்த அறிக்கையில், நாட்டில் 6 சதவீத விவசாயிகள்தான் ஆதார விலைக்கு அரசிடம் விற்கிறார்கள் என்றிருந்தது. அந்த எண்ணைக் காட்டி, மீதிப் பேருக்கு இதனால் பயனே இல்லை என்று பேசுபவர்களோடும் நான் ஒத்துப்போக மாட்டேன். ஓர் ஊரில் நிலையம் திறந்த மறுநாள் வியாபாரி விலை ஏறுவதை எந்த டெல்டாக்காரரிடம் கேட்டாலும் சொல்வார். மூடினால் இறங்குவதையும்.

கேள்வி: சத்தீஸ்கரில் 3,100 கொடுக்கிறார்களாமே, நம்மால் ஏன் முடியவில்லை?
– சிதம்பரம் வாசகர்

பதில்: கொடுக்கிறார்கள், ஏக்கருக்கு 21 குவிண்டால் வரைக்கும். ஒடிசாவும் 2024-லிருந்து ஆதார விலைக்கு மேல் 800 ரூபாய் சேர்த்துக் கொடுக்கிறது. மேலே போடுகிற காசு முழுக்க மாநிலக் கஜானாவிலிருந்து. இங்கே 2021 தேர்தலில் சொன்ன 2,500 ரூபாய் 2025 செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தது. முடியாதது ஒன்றுமில்லை, எதற்கு முதலில் காசு என்கிற வரிசையில் நெல் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதுதான் விஷயம். அடுத்த தேர்தல் அறிக்கைகளைப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: வரிப்பணத்தில் அதிக விலைக்கு நெல் வாங்கி, அரிசியை இலவசமாகக் கொடுத்து, மிச்சத்தைப் புழுக்க விடுவதற்குப் பதில் விவசாயி வங்கிக் கணக்கில் பணமாகவே போட்டுவிட்டால் என்ன?
– திருச்சி, முன்னாள் வங்கி ஊழியர்

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம். மத்தியத் தொகுப்பில் ஜூலை 1 அன்று இருக்க வேண்டிய அரிசி 135 லட்சம் டன், இருப்பதோ சில வருடங்களாக அதைப் போலப் பல மடங்கு. வைக்க இடமில்லாமல் 2024-25-ல் 52 லட்சம் டன் அரிசியை எத்தனால் ஆலைகளுக்கு ஒதுக்கினார்கள், கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு. அதை வாங்கி, அரைத்து, சேமித்து வைக்க ஆகும் செலவு கிலோவுக்கு ஏறத்தாழ 40 ரூபாய். சோற்றுக்கு விளைந்தது பெட்ரோலில் கலக்கிறது.

ஆனால் பணமாகப் போடுவதும் எளிதில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2017-ல் பாவாந்தர் என்று ஒரு திட்டம். சந்தையில் விற்றுக்கொள்ளுங்கள், ஆதார விலைக்குக் குறைந்தால் வித்தியாசத்தை அரசு தரும் என்றார்கள். வித்தியாசத்தை அரசு தரப்போகிறது என்று தெரிந்ததும் வியாபாரிகள் விலையை இறக்கிவிட்டார்கள். அரசுப் பணம் விவசாயி வழியாக வியாபாரி பைக்குப் போனது. அரசே தராசோடு போட்டிக்கு நிற்கும்போது அந்த விளையாட்டு நடக்காது. ஏக்கருக்கு இவ்வளவு என்று கணக்கில் போட்டாலும் அது பட்டா வைத்திருப்பவர் கணக்கில்தான் ஏறும், மேலே ஒரு அம்மா கேட்டிருக்கிறார் பாருங்கள்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆதார விலை தந்து விவசாயியைத் தூக்கிவிடுகிற அதே அரசுதான், 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது, 2024 செப்டம்பர் கடைசியில்தான் எடுத்தது. உளுந்து விலை ஏறுகிறது என்றால் வரியில்லாமல் இறக்குமதி. விலை விழும்போது தருகிற கையே, ஏறும்போது அமுக்கவும் செய்கிறது. அந்தக் கணக்கையும் சேர்த்தால் விவசாயிக்கு மானியம் போகிறதா, விவசாயியிடமிருந்து நகரத்துக்கு மானியம் வருகிறதா என்பதே சந்தேகம்தான்.

கேள்வி: ஆதார விலைதான் பஞ்சாபின் நிலத்தடி நீரை அழித்தது என்று வகுப்பில் சொன்னார்கள். சரியா?
– கோவை, வேளாண் மாணவி

பதில்: முக்கால் சரி. 1960-61-ல் பஞ்சாபில் நெல் விளைந்த பரப்பு சுமார் 2.3 லட்சம் ஹெக்டேர், இப்போது 30 லட்சத்துக்கு மேல். சப்பாத்தி சாப்பிடுகிற ஊர் அது, விளைந்த நெல் அங்கே யார் வீட்டு உலைக்கும் பெரிதாகப் போவதில்லை. விளைந்தது அத்தனையையும் அரசு வாங்கும் என்பது உறுதி, மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். இந்த இரண்டும் சேர்ந்தால் எந்த ஊர் விவசாயியும் அதைத்தான் போடுவார். தண்ணீர் கீழே போவதைத் தடுக்க 2009-ல் சட்டம் போட்டார்கள், ஜூன் 10-க்கு முன் நாற்று நடக் கூடாது என்று. நடவு தள்ளியதில் அறுவடையும் தள்ளியது, கோதுமை விதைக்க இடையில் இரண்டு மூன்று வாரம்தான், வைக்கோலை அகற்ற நேரமில்லாமல் தீ வைத்தார்கள், புகை டெல்லிக்குப் போனது. தண்ணீரைக் காப்பாற்றப் போட்ட சட்டம் காற்றில் போய் முடிந்தது.

மீதிக் கால் பங்கு என்னவென்றால், தவறு ஆதார விலையில் இல்லை, ஒன்றிரண்டு பயிருக்கு மட்டும் அதை நிஜமாக்கியதில் இருக்கிறது. கேழ்வரகுக்கு 2025-26-ல் 4,886 ரூபாய், நெல்லைப் போல இரண்டு மடங்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அரசு நேரடியாகக் கேழ்வரகு வாங்கி ரேஷனில் கொடுக்கத் தொடங்கியது நல்ல ஆரம்பம். அதை இன்னும் பத்து மாவட்டத்துக்குக் கொண்டுபோனால் உங்கள் வகுப்பில் அடுத்த தலைமுறைக்கு வேறு பாடம் எடுக்கலாம்.

விலையை அளவுக்கு மீறித் தூக்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்தைப் படியுங்கள். யிங்லக் ஷினவத்ரா அரசு 2011-ல் நெல் டன்னுக்கு 15,000 பாத் என்று, சந்தையைவிட மிக உயர்த்தி வாங்கியது. வாங்கியதைப் பூட்டி வைத்தால் உலக விலை ஏறும், அப்போது விற்கலாம் என்பது கணக்கு. அதே வருடம் இந்தியா அரிசி ஏற்றுமதித் தடையை எடுத்துவிட்டது. விலை ஏறவில்லை, கிடங்கில் அரிசி கெட்டது, முதல் ஏற்றுமதியாளர் என்ற இடம் 2012-ல் இந்தியாவுக்கு வந்தது. 2014 தொடக்கத்தில் நெல் போட்ட விவசாயிகளுக்கே பணம் தர முடியாமல் பாங்காக்கில் போராட்டம். 2017-ல் யிங்லக்குக்கு ஐந்து வருடச் சிறை, அதற்குள் அவர் நாட்டை விட்டுப் போய்விட்டார்.

கேள்வி: தக்காளிக்கு மட்டும் ஏன் ஆதார விலை இல்லை?
– ஒட்டன்சத்திரம்

பதில்: நெல்லை வாங்கி ஒரு வருடம் அடுக்கலாம், தக்காளியை நான்கு நாள் தாண்டி என்ன செய்வது என்பதுதான் அரசின் பதில். கேரளா 2020 நவம்பரில் 16 காய்கறி, கிழங்கு வகைகளுக்கு அடிப்படை விலை அறிவித்தது. நல்ல முயற்சி. ஆனால் கேரளா விளைவிப்பது கொஞ்சம், உங்கள் சந்தையிலிருந்துதான் அவர்களுக்கு லாரி போகிறது. விளைகிற இடத்தில் குளிர்கிடங்கும் கூழ் ஆலையும் இல்லாமல் விலையை மட்டும் அறிவித்தால் அது காலண்டரில் எழுதிய ராகுகாலம் போல இருக்கும், பார்ப்பார்கள், அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

கேள்வி: கொப்பரையை யாரும் நாஃபெட்டுக்குக் கொடுக்கவில்லையே, ஏன்?
– பொள்ளாச்சி

பதில்: 2025-ல் அரவைக் கொப்பரைக்கு ஆதார விலை கிலோவுக்கு 115 ரூபாய் 82 காசு, வெளிச்சந்தையில் 200-ஐத் தாண்டியது. கொடுப்பார்களா? ஆதார விலை தேவைப்படாத வருடம்தான் விவசாயிக்கு நல்ல வருடம்.

கேள்வி: எங்கள் பக்கம் பெரும்போக நெல்லுக்கு அரசு நிர்ணயித்த விலை கட்டுப்படியாகவில்லை. இந்திய முறை மேலானதா?
– கிளிநொச்சி வாசகர்

பதில்: உங்கள் அரசு 2025 பிப்ரவரியில் 'நாடு' என்ற ரக நெல்லுக்குக் கிலோ 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபாய் என்று அறிவித்தது. அங்கே நெல் சந்தைப்படுத்தும் சபை எதிர்பார்க்கும் ஈரப்பதம் 14 சதவீதம், இங்கே 17. எங்கள் ஆட்கள் 17-க்கே இவ்வளவு புலம்புகிறோம். மற்றபடி சபை கொஞ்சமாக வாங்கி, மீதியைப் பெரிய ஆலைக்காரர்கள் தீர்மானிப்பது ஒரத்தநாட்டுக் கதையேதான், நாணயம் மட்டும் வேறு.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டு நெல்லைக் கடைசியாக யாருக்கு விற்றீர்கள்? உண்மையைச் சொல்லவும்.
– நாகப்பட்டினம்

பதில்: மாட்டிக்கொண்டேன். சாகுபடி அண்ணன் பொறுப்பு. பாதி நிலையத்துக்குப் போனது, பாதி வியாபாரிக்கு. நிலையத்தில் போட்டதற்கு எட்டாம் நாள் வங்கியில் பணம் ஏறியது. வியாபாரி அன்று சாயங்காலமே கொடுத்தார், அதில்தான் அறுவடை மெஷின்காரருக்கு வாடகை தீர்த்தோம், அவர் அதுவரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்கென்று மூன்று மூட்டை எடுத்து வைத்தோம், அதற்கு மட்டும் யாரும் ஈரப்பதம் பார்க்கவில்லை.